செக்குமாட்டின் பதினொரு நாள்

மில்வாக்கி
ஜூலை 6

அன்புள்ள சங்கரலிங்கத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியாயிற்று. இங்கும் அனைவரும் நலம். "நாற்பத்தாறு வயதில் செக்குமாடு போல ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து என்னத்தைக் கண்டாய்?" என்று கேட்டிருந்தாய். நீ கேலியாகத்தான் கேட்டாய். ஆனால் சைக்கிள் போட்டி முடிந்த பத்து நாள்களாக நானும் அதையே கேட்டுக்கொண்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்தின் வண்டி எண் பலகையில் 'அமெரிக்காவின் பால்பண்ணை நாடு' என்று பொறித்திருப்பார்கள். அந்தப் பெயரையே வைத்து 2009 முதல் இங்கே ஜூன் மாதத்தில் ஒரு சைக்கிள் பந்தயத் தொடரை நடத்துகிறார்கள். இன்று கெனோஷா, இன்னொரு நாள் ஷோர்வுட், கடைசியில் வாவடோசா என்று ஊர் ஊராகப் போகும். ஊரின் நடுவே சில தெருக்களை மூடி, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் வளையம் அமைத்து, அதைச் சுற்றிவரச் செய்வார்கள். இவ்வகைப் பந்தயத்துக்குக் கிரிட்டீரியம் என்று பெயர். தொழில்முறை வீரர்கள் மாலையில் ஓட்டுவார்கள். என்னைப் போன்ற கடைநிலைப் பிரிவினருக்கு அதற்கு வெகுமுன்பே அரைமணி நேரம் கிடைக்கும். ஒவ்வொரு நாளும் எத்தனையாவதாக வந்தோம் என்பதற்கு ஏற்ற புள்ளிகளைக் கூட்டி இறுதி வரிசையை முடிவுசெய்வார்கள்.

முதல் மூன்று நாள்களும் நான் ஒரே தவற்றைத்தான் செய்தேன். புதியவனுக்குரிய அச்சத்தில் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டேன். அங்கே இருந்தால் யாரும் இடிக்க மாட்டார்கள், முன்னால் நடப்பதும் தெரியும் என்பது என் கணக்கு. தெருமுனைத் திருப்பத்தில் முன்வரிசையினர் பிரேக்கைத் தொடாமலேயே வளைந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகத் தயங்க, அந்தத் தயக்கமெல்லாம் சேர்ந்து கடைசி ஆளிடம் வரும்போது அவன் ஏறக்குறைய நின்றுபோய், பிறகு இருக்கையை விட்டு எழுந்து மூச்சிரைக்க மிதித்து இடைவெளியை அடைக்க வேண்டியிருக்கிறது. ஆர்மோனியத்தின் துருத்தியைப் போலக் கூட்டம் சுருங்கி விரியும். நான்கு திருப்பம், பதினைந்து சுற்று. ஆக, ஒரு பந்தயத்தை முடிக்க 60 முறை அந்தத் துருத்தியின் கடைசி மடிப்பாக நான் இருந்தாக வேண்டும். மூன்று நாளும் பாதியிலேயே கூட்டத்தைத் தவறவிட்டேன். வயதாகிவிட்டது என்று நொந்துகொண்டேனே தவிர, முன்னால் போனவர்களைவிட நான்தான் அதிகம் உழைத்தேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இதைச் சொல்லித் தந்தவர் எழுபது வயதைத் தொடும் ஒரு பெரியவர். ஒருவன் பின்னால் நெருங்கி ஓட்டினால் காற்றுத்தடை குறைந்து ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உழைப்பு மிச்சமாகும், ஆனால் அந்த மிச்சத்தைத் திருப்பங்களில் வாரியிறைக்காமல் இருக்க முதல் பத்துப் பதினைந்து பேருக்குள் இருக்க வேண்டும், அங்கே தங்குவதற்கும் ஓயாமல் முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா இருந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் கடந்துபோய்த் தானாகவே வாலுக்கு வந்துவிடுவாய் என்றார். எட்டயபுரம் சாலையில் எதிர்காற்றடிக்கும்போது நீ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வருவாயே, அது சோம்பல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்காம் நாள் முன்னால் இருக்கக் கற்றேன். உடனே அடுத்த பள்ளத்தில் விழுந்தேன். பந்தயத்தின் நடுவே திடீரென்று மணியடிப்பார்கள். அடுத்த முறை முடிவுக்கோட்டை முதலில் கடப்பவருக்குத் தனிப் பரிசு உண்டு, பிரீம் என்பார்கள். மணியோசை கேட்டதும் பாய்ந்தேன், வென்றேன், ஒலிபெருக்கியில் என் பெயரைச் சிதைத்து உச்சரித்தார்கள், மகள் கைதட்டினாள். பரிசு ஒரு ஜோடி காலுறை. நான் மூச்சை மீட்பதற்குள் அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டு நால்வர் பிரிந்து போய்விட்டார்கள். முதல் நான்கு இடங்களும் அவர்களுக்கே. காலுறை நன்றாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் டயர் பஞ்சரானது. பந்தயம் அவ்வளவுதான் என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். பஞ்சர், விழுதல் போன்ற நேர்மையான விபத்து நேர்ந்தவன், மாற்றுச் சக்கரம் வைத்திருக்கும் 'பிட்' என்ற இடத்துக்குப் போய் நடுவரிடம் காட்டி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு அதே கூட்டம் மறுசுற்று வரும்போது சேர்ந்துகொள்ளலாம் என்ற விதி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கடைசிச் சில சுற்றுகளில் இச்சலுகை கிடையாது. வண்டியின் பாகங்களைச் சரியாக முடுக்காமல் வந்தவனுக்கு எப்போதுமே கிடையாது. விதிப்புத்தகம் ஆறு மாதமாக என் மேசையிலேயே இருந்தது. சக்கரத்தின் எடையைப் பற்றி நான் படித்த பக்கங்களில் பத்திலொரு பங்கு அதற்குச் செலவிட்டிருந்தால் போதும்.

உடலைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. ஆறாம் நாள் இடியும் மழையும். நனைந்த சாலையில் வெள்ளைக்கோடும் சாக்கடை மூடியும் எண்ணெய் பூசினாற்போல் வழுக்கும் என்பதால் டயர்க்காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டினேன். அதற்குள் பசி செத்துப்போயிருந்தது. ஓட்டும்போது தெம்புக்காக உண்ணக் கடையில் வாங்கிய இனிப்புப் பசைகளைக் கண்டாலே குமட்டியது. மனைவி தயிர்சாதத்தில் உப்பைக் கூட்டி, நார்த்தங்காய் ஊறுகாயோடு ஐஸ் பெட்டியில் வைத்துத் தந்தாள். அதன் பிறகுதான் இரவில் தூக்கம் வந்தது, கால் மறுநாளும் சொன்னபடி கேட்டது. பதினொரு நாளும் ஓட்ட வேண்டும் என்ற வீம்பை விட்டு, எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் வீட்டிலேயே படுத்திருந்தேன். அந்த இரண்டு நாளில் போன புள்ளிகளுக்காக இன்றும் வருத்தம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

வாவடோசாவில் பன்னிரண்டாவதாக வந்தேன். கடைசித் திருப்பத்தில் ஆறாவதாக இருந்தேன். நேர்ச்சாலையில் அறுவர் கடந்து போனார்கள். அவர்களில் நால்வராவது என் மகன் வயதினர்.

உன் அண்ணன் மகன் பந்தய சைக்கிள் கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு வாங்கித் தராதே. இருக்கிற வண்டியிலேயே இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, விடியற்காலையில் போக்குவரத்தில்லாத சாலையில், முன்னால் போகிறவன் சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் காற்றை ஏற்று ஓட்டிப் பழகட்டும். டிசம்பரில் வரும்போது நானும் சேர்ந்துகொள்கிறேன். உன் பழைய வண்டியின் செயின் துருப்பிடித்திருக்கும், அதற்கு முன் எண்ணெய் போட்டு வை.

அன்புடன்,
ராமசுப்பு