கேட்டாண்ட கடலை விக்கிற ஆயாவுக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். அந்த ராத்திரி மழைல எங்க ஒன்பதாங்கிளாஸ் ரூம் நனைஞ்சு, பழங்கால வியாபாரத்த பசங்க ஆடிப் பாத்து கத்துக்கற விளையாட்டுக்கு நான் செஞ்சு வச்சதெல்லாம் நாசமானது உங்களுக்கெல்லாம் தெரியும், போட்டோவும் பாத்துட்டீங்க, அத மறுபடி எழுதி நானே அழ வேண்டாம். ஆனா நேத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு விளையாட்டு முடிஞ்சிடுச்சு, பாதில நிக்காம முழுசா முடிஞ்சிடுச்சு. அதான் மனசு ஆறிப்போறதுக்குள்ள உக்காந்து எழுதறேன்.

மொதல்ல மொத்தமா ஒரு கும்பிடு போட்டுடறேன். ரெண்டு பீரியட சேத்து குடுத்த ஹெச்எம் மேடம், ஈர பெஞ்செல்லாம் வெளிய தூக்கிப்போட்ட பத்தாங்கிளாஸ் பசங்க, ராவோட ராவா சார்ட் வரைஞ்சு குடுத்த டிராயிங் சார், ஒரு டப்பா பழைய பட்டன் குடுத்த டெய்லர் அண்ணன், லேமினேஷன் காச கேக்காமலே அனுப்பிவிட்ட என் பழைய ஸ்டூடண்ட்ஸ். எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, பேர் விட்டுப்போச்சுன்னு யாரும் கோச்சுக்காதீங்க.

இப்ப ஆயா. பதினோரு வருஷமா ஸ்கூல் கேட்டாண்ட வேகவச்ச கடலை விக்கிது, நானும் பதினோரு வருஷமா வாங்கித் திங்கறேன், பேர் என்னன்னு இன்னிவரைக்கும் கேட்டதில்ல. மழைக்கு மறுநாள் கேட்டுக்கு வெளிய நின்னுட்டு நான் போன்ல புலம்பினது அது காதுல விழுந்திருக்கு போல. விளையாட்டுல பணமா வச்சுக்க பார்லி நோட்டு மட்டும் ஐநூறு அச்சடிச்சேன், ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து போட்டேன், எல்லாம் கூழாயிடுச்சுன்னு சொல்லிட்டிருந்தேன். அடுத்த நாள் காலைல ஒரு துணிப்பைய நீட்டுச்சு. உள்ள மூணு படி புளியங்கொட்டை. அலசி, ராத்திரி முழுக்க அடுப்போரமா காயவச்சது. “காசுக்கு பதுலா இத வச்சிக்கம்மா”ன்னு சொல்லிட்டு, அளக்கறதுக்கு தன்னோட ஆழாக்கையும் சேத்து குடுத்துச்சு. எங்க பக்கம் வீட்டுக்கு வீடு புளி உடைக்கிற வேலைதான், கொட்டையும் கிலோ கணக்குல விலைக்குப் போகும். அதவிட, அன்னிக்கு மத்தியானம் ஒரு பொண்ணு வந்து “மிஸ், ஆயா இன்னிக்கு கையாலயே அள்ளி அள்ளி ஜாஸ்தியா குடுக்குது”ன்னா. அப்பதான் எனக்கு உறைச்சது, கடலை அளக்கற ஆழாக்கு எங்கிட்டல்ல இருக்கு.

விளையாட்டு எப்படின்னு கேட்டவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கிளாஸ நாலு நாடா பிரிச்சோம். மெலுஹா, அதாவது நம்ம சிந்துவெளின்னு பெரும்பாலான ஆய்வாளருங்க சொல்றது, அவங்க கைல சூதுபவள மணி, செவப்புக் கல்லுல செஞ்ச பாசிமணி. மாகன், இப்ப ஓமன் இருக்கற பக்கம், அங்க செம்பு. சுமேர், இப்ப தெற்கு ஈராக் இருக்கற பக்கம், அங்க பார்லியும் கம்பளித்துணியும். தில்முன், நம்ம பஹ்ரைன், நடுவுல வாங்கி விக்கிறவங்க. நாலுமே நெசமா யாவாரம் பண்ண இடங்கதான், மெலுஹா மாகன் தில்முன் கப்பலெல்லாம் என் அக்காத் நகரத்து துறையில வந்து நிக்கிதுன்னு சுமேர ஆண்ட சர்கோன் ராஜா பெருமையடிச்சு எழுதி வச்சிருக்காரு. 1920கள்ல சுமேர்ல இருந்த “ஊர்”ங்கற நகரத்தோட அரச கல்லறைங்கள லியோனார்ட் வுல்லிங்கற தொல்லியல் ஆய்வாளர் தோண்டினப்ப சிந்துவெளி மணிங்க அங்க கிடைச்சிருக்கு. பார்லிதான் சுமேர்ல கூலி, பார்லிதான் பாதி நேரம் பணம். அந்த பார்லிக்கு பதுலுதான் இந்த கொட்டை.

மொத சுத்துல ஒரு சூதுபவள மணிக்கு வெல பத்து கொட்டை. மூணாவது சுத்துல நாப்பது! தில்முன் டீம்தான் வெலய ஏத்திட்டாங்கன்னு சுமேர் பசங்க கத்த, அவங்க இவங்கள கத்த, நான் நோட்டுல கணக்கு போட்டு போட்டு முழிக்கிறேன். பைய வாங்கிட்டுப் போலாம்னு வந்த ஆயா வாசப்படியில நின்னு பாத்துட்டே இருந்துச்சு. “யாரும் ஏத்தலம்மா, கொட்டை பெருத்துடுச்சு. சரக்கு அதே சரக்குதான கெடக்குது”ன்னுச்சு. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தன் வீட்டுல இருந்து ரெண்டு பாக்கெட் நெறைய கொட்டை கொண்டாந்து உள்ள விட்டிருக்கான். நான் போர்டுல பணவீக்கம்னு எழுதறேன், ஒரு பொண்ணு “மிஸ், இவன் பாக்கெட்டுதான் வீங்கியிருக்கு”ங்கறா. பணம் மற்றும் கடன் பாடத்த எத்தனை வருஷமா நடத்தறேன், இந்த மாதிரி ஒருநாளும் புரிய வச்சதில்ல. கையெழுத்து போட்ட என் நோட்டு நனையாம இருந்திருந்தா கள்ளப்பணமே வந்திருக்காது, அந்த பாடமும் வந்திருக்காது. இனிமே பார்லிய அச்சடிக்கவே மாட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். ஆயா ஆழாக்க கைல வச்சிட்டு பசங்களுக்கு சொல்லுது, ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. போன வாரம்தான் சிந்துவெளி சின்ன எடைக்கல்லுங்க 1, 2, 4, 8, 16னு இரட்டிப்பாயிட்டே போகும், அதுல 16 பங்கு இருக்கற கல்லு சுமார் 13.7 கிராம்னு நடத்தினேன், ஒருத்தனும் கண்ண தொறக்கல. நேத்து அத்தனை பேரும் “மிஸ் அதே கணக்கு மிஸ்”ங்கறாங்க. (ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு யாரும் பார்வேர்ட் போட்டுடாதீங்க. பாதி பாதியா அளக்கறது எந்த சந்தையிலயும் சுலபம், அவ்ளோதான்.)

சாயங்காலம் பசங்க கொட்டைய திருப்பிக் குடுத்தாங்க. வாங்கினது மூணு படி, குடுத்தது நாலு படி. ஆயா பைய தூக்கிப் பாத்துட்டு இது ஏதுடா எச்சாங்குது. “வட்டி ஆயா, பார்லி கடனுக்கு மூணுல ஒரு பங்கு, பாபிலோன் ராஜா ஹமுராபி காலத்து சட்டம்”னாங்க. அந்த பாக்கெட்டுக்காரன் கொட்டையதான் வட்டின்னு தள்ளிவிட்டிருக்காங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. ஆயா ரொம்ப நேரம் சிரிச்சுச்சு. “இவ்ளோ வயசுக்கு வட்டி கட்டிதான் பழக்கம், வாங்குறது இதான் மொத தடவ”ன்னுச்சு.

ஆயா, இத யாராச்சும் உனக்கு படிச்சு காட்டுவாங்க. இந்த கலாட்டாவுல உன் ஆழாக்கு என் பையிலயே தங்கிடுச்சு. திங்கக்கிழமை நீ கடைய விரிக்கறதுக்கு முன்னாடி கேட்டாண்ட வந்து நிக்கிறேன். உன் பேரையும் கேட்டுக்கறேன்.