மணியத்துக்கு, ரப்பர் பேண்ட் விஷயமாக

சுங்கை சிப்புட்

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்து, மருந்து விட்டுக்கொண்டு, எழுதவும் படிக்கவும் கூடாது என்ற கட்டுப்பாட்டில் இருந்தேன். இப்போது பரவாயில்லை. தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கிள்ளானில் அந்த எண்ணெய் கிடைக்காவிட்டால் சொல், இங்கிருந்து அனுப்புகிறேன்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் செய்த, முறுக்கிய ரப்பரில் பறக்கும் விளையாட்டு விமானத்தின் விசிறியைக் கொஞ்சம் முறுக்கினாலே ரப்பர் அறுந்துவிடுகிறது, கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்த உனக்குத் தெரியாதா என்று கேட்டிருந்தாய். தோட்டத்தில் நம் வேலை பாலை வெட்டி, மங்குக் கோப்பையில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பதோடு முடிந்தது. அதற்குப் பிறகு கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பர் பேண்டாக்கும் வித்தையை நம்மில் யார் பார்த்தோம்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளுக்கு விமானம் செய்துகொடுத்துப் பழகியதில் வந்ததுதான்.

உன் பேரன் வாங்கியது அலுவலகத்தில் கட்டு கட்டுகிற மலிவு ரகமாக இருக்கும். அதில் விலையைக் குறைக்கக் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் கலந்திருப்பார்கள். தேநீர்ப் பொட்டலத்தைச் சுருக்கிக் கட்ட அது போதும். விமானத்துக்கு வேண்டியது நன்றாக நீண்டு சுருங்கும் தன்மை. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு சவர்க்காரம் விட்டு, ரப்பர் பேண்டை முழுக்க நனைத்துப் போடு. இயற்கை ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால் கலப்படம் குறைந்தது மிதக்கும். கல்லு மண்ணு நிறைய சேர்ந்தது அடியில் போய் உட்காரும். சவர்க்காரம் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் கனமானதுகூட நீரின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு மிதப்பதாக ஏமாற்றும்.

மிதந்தவற்றை எடுத்து இழுத்துப் பார். ஸ்கேலை வைத்து, தளர்வாக இருக்கும் நீளத்தைக் குறித்துக்கொள். நல்ல ரப்பர் ஆறேழு மடங்கு நீளும். அதற்கு மேல் சட்டென்று கல்லாக இறுகும், அங்கே நிறுத்திவிடு. விட்ட பிறகு மறுபடி அள. பழைய நீளத்துக்குக் கிட்டத்தட்டத் திரும்பினால் வைத்துக்கொள், தொங்கிப்போனால் அம்மாவிடம் கறிவேப்பிலை கட்டக் கொடுத்துவிடச் சொல்.

எங்கே வாங்குவது என்றால், எனக்குக் கடையின் பெயரைவிடச் சரக்கு எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதுதான் கணக்கு. இங்கே ஒரு ஸ்டேஷனரி கடையில் பாக்கெட்டைக் கண்ணாடிப் பக்கம் தொங்கவிட்டிருக்கிறார்கள், காலை வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. வாங்கி வந்து திறந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது. பசாரில் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு எடைபோட்டு விற்கிற மளிகைக்கடையில் மூட்டை மாறிக்கொண்டே இருக்கும். அங்கே போ. அகலமானதாகப் பார்த்து, ஒரு இடத்தில் வெட்டினால் நீளப் பட்டையாகிவிடும். சின்ன ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோர்க்காதே. ஒவ்வொரு கோர்ப்பிலும் முடிச்சு திரண்டு, முறுக்கு சமமாகப் பரவாமல் அங்கேதான் அறும்.

போட்டிக்காரர்கள் பயன்படுத்துகிற தனி ரப்பர் இருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவிலிருந்து 'டான் சூப்பர் ஸ்போர்ட்' என்று பட்டையாகச் சுருட்டி வரும், எட்டில் ஒரு அங்குலம், பதினாறில் ஒரு அங்குலம் என்று அகலம் வைத்து. அதற்கு முன் வந்த 'டான் 2' ரகத்தின் நல்ல மாதத்துச் சரக்கை இன்னும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர், ஆனால் மாதத்துக்கு மாதம் குணம் மாறும். உலகப் போட்டியில் எஃப்1பி என்ற பிரிவில் ஒரு விமானத்துக்கு 30 கிராம் ரப்பருக்கு மேல் கூடாது. அந்த 30 கிராமில் எவ்வளவு விசையை அடக்குகிறாய் என்பதில்தான் வெற்றி. பேரனுக்கு இப்போது அது வேண்டாம் என்பது என் கருத்து. விமானம் நேராகப் பறக்கப் பழகட்டும். தபால் செலவோடு சேர்த்தால் வெள்ளி (ரிங்கிட்) கணக்கு உனக்கே பிடிக்காது.

இனி முக்கியமான பகுதி. வாங்குவதைவிட வைத்துக்கொள்வதுதான் நம் ஊர் வெக்கையில் கஷ்டம். முதலில் மேலே பூசியிருக்கும் வெள்ளைப் பவுடரைக் கழுவி, நிழலில் உலர்த்து. அப்புறம் ஒரு துளி விளக்கெண்ணெயை விரலில் தேய்த்துப் பட்டை முழுக்கப் பூசு. விமானத்தின் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மடித்துப் போட்ட இழைகள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் வெட்டு விழுகிறது, அதற்குத்தான் எண்ணெய். விளக்கெண்ணெய் ரப்பருக்குள் ஊறாது. எஞ்சின் எண்ணெய், வாசலின், மண்ணெண்ணெய் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதே, ரப்பரை ஊதவைத்துக் குழைத்துவிடும்.

பிறகு கறுப்புப் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கிவிட்டு, பையை மைலோ டின்னில் வைத்து, டின்னைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வை. வெளிச்சமும் சூடும் காற்றும் மூன்றுமே அதற்கு எதிரி. செம்பும் பித்தளையும் படக்கூடாது. செம்பு சிறு துளி கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் மக்கும். கொக்கிக்கு எஃகுக் கம்பிதான். மோட்டாரில் தீப்பொறி பறக்கிற கிரைண்டர், துளைக்கருவி பக்கத்திலும் வைக்காதே. பொறியில் உண்டாகும் ஓசோன் இழுபட்ட ரப்பரைக் குறுக்காகப் பிளக்கும். அலமாரியில் காகிதக் கட்டைச் சுற்றி இறுகக் கிடந்த ரப்பர் பேண்ட் வெடித்திருக்க, பக்கத்தில் தளர்வாகக் கிடந்த அதே பாக்கெட் ரப்பர் பேண்ட் நன்றாக இருப்பதை நீயும் பார்த்திருப்பாய். அதனால்தான் பறக்கவிட்டு முடிந்ததும் கொக்கியிலிருந்து கழற்றி வைக்கச் சொல்கிறேன். பேரன் இரவு முழுக்க முறுக்கியே வைத்திருந்தால் அதன் கதை அன்றோடு முடிந்தது.

முறுக்கும்போது நேராகக் கொக்கியில் போட்டு விரலால் சுற்றாதே. ஒருவர் விமானத்தைப் பிடிக்க, மற்றவர் ரப்பரை நாலு மடங்கு இழுத்து நின்று, கைத் துளைக்கருவியின் முனையில் கொக்கி வைத்துச் சுற்றவேண்டும். பாதிச் சுற்று ஆனதும் மெல்ல மெல்ல உள்ளே நடந்து வரவேண்டும். புது ரப்பரானால் அதற்கு முன் ஒருமுறை இழுத்துச் சற்றுப் பிடித்துப் பதப்படுத்து. இழைகளைக் கூட்டினால் விசை கூடும், சுற்று குறையும்: இழைகள் நாலு மடங்கானால் அதே நீளத்தில் பாதிச் சுற்றுத்தான் தாங்கும். உன் பேரன் விசை போதவில்லை என்று இழையை இரட்டிப்பதும், பழைய எண்ணிக்கைக்கே முறுக்குவதும்தான் அறுவதற்குக் காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

இங்கே தோட்டத்தில் பழைய புகைக்கூடத்தை இடித்துவிட்டார்கள், நாம் கோலி ஆடின கித்தாக் காடு முழுக்க இப்போது செம்பனை. போன மாதம் கோலகங்சார் போயிருந்தேன். மாவட்ட ஆபீஸ் பக்கத்தில் 1877-இல் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது என்று சொல்கிற கித்தா மரம் இன்னும் வேலிக்குள் நிற்கிறது. பிரான்சில் அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர் அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1871-இல், பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் முறுக்கிய ரப்பரில் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டிருக்கிறார். 11 விநாடியில் சுமார் 40 மீட்டர். நம் நாட்டுக்குப் பிரேசில் கித்தாவே வராத காலம் அது.

கந்தசாமி மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது, பங்குனி உத்திரத்துக்கு நீங்கள் வருவீர்களா என்று அவன் கேட்டான். வருவதானால் பேரனின் விமானத்தையும் எடுத்து வா, என்னிடம் துளைக்கருவி இருக்கிறது. அதற்கு முன் கொக்கிக்குக் கொக்கி எத்தனை சென்டிமீட்டர், விசிறி எவ்வளவு அகலம், மொத்தம் எத்தனை கிராம் என்று ஒரு வரி எழுதிப் போடு. அதைப் பார்த்துத்தான் எத்தனை இழை என்று சொல்லமுடியும்.

அன்புடன்,
சின்னையா