யானை தூரத்தில், வண்டு தலையணையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து கென்யா, உகாண்டா, தான்சானியாவுக்குக் கிறிஸ்தவ ஊழியப் பயணம் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயத்த வகுப்பில் பாட்டும் சாட்சியும் மருத்துவ முகாமும் சொல்லித் தருகிறார்கள். பூச்சி, பல்லி பற்றி மூச்சே இல்லை. சிங்கமும் யானையும் வேன் ஏறிப் போய்ப் பார்க்கிறவை. அறைக்குள்ளேயே வந்து பழகுவது சின்ன உயிர்கள்தான். ஊர் திரும்பியபின் ஆசையாகப் பேசிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

அங்கே மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். இங்கே கத்திரி வெயில் கொளுத்தும்போது அங்கே தரை ஈரம் காய்வதில்லை. முதலில் சந்திக்கப்போவது ‘நைரோபி ஈ’. பெயர்தான் ஈ, உண்மையில் வண்டு. ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி வந்த மெல்லிய உடம்பு. நம் நெல்வயலிலும் இதன் உறவு உண்டு. பயிரை அழிக்கும் புகையான் பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்கிறதே என்று பட்டென்று அடித்தால்தான் வினை. நசுங்கிய உடம்பிலிருந்து வரும் நீர் தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாளில் கோடு கோடாகச் சிவந்து கொப்புளம் போடும். அதே கையால் கண்ணைத் தேய்த்தால் கண் வீங்கிவிடும். எனவே ஊதித் தள்ளுங்கள், அல்லது காகிதத்தில் ஏறவிட்டு உதறுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தலையணை உறையையும் துவையுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சி இது. இரவுக் கூட்டத்தில் விளக்குக்கு நேர் கீழே உட்காராதீர்கள், கட்டிலையும் அங்கே போடாதீர்கள்.

அடுத்தது ‘மாம்பழ ஈ’. நிழலான மண்ணிலும், வெயில் படாமல் காயும் ஈரத் துணியிலும் முட்டையிடும். பொரிந்து வரும் புழு, அந்தத் துணியை உடுத்தியதும் தோலுக்குள் இறங்கிவிடும். புல்லின் மேல் துணி விரிக்கும் நம் பழக்கம் அங்கே ஆகாது. கொடியில், நல்ல வெயிலில் போடுங்கள். அப்படிக் காய்ந்ததையும் இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போடுங்கள். தையல் மடிப்பும் உள்ளாடையின் எலாஸ்டிக் பட்டையும்தான் பலரும் விட்டுவிடுகிற இடம். புழு வளர்ந்து கட்டி முற்ற எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். ஆக, பிரச்சினை பெரும்பாலும் ஊர் வந்த பிறகுதான் தெரியும். இங்குள்ள டாக்டர் சாதாரணக் கட்டி என்று நினைத்து மாத்திரை எழுதிவிடக்கூடும். ஆப்பிரிக்கா போய் வந்ததை முதலில் சொல்லிவிடுங்கள். நடுவில் சிறு துளை இருந்தால் அதை வாஸ்லின் களிம்பால் கெட்டியாக மூடுவார்கள். காற்றுக்காகப் புழு மேலே வரும்போது முள்வாங்கியால் எடுத்துவிடலாம். பிதுக்கக் கூடாது, உள்ளே புழு உடைந்தால் சீழ் பிடிக்கும்.

மண் தெள்ளு என்று ஒன்று, தரையிலிருந்து பாதத் தோலுக்குள் துளைத்துப் புகும். அதற்குத் தடுப்பு செருப்பல்ல, மூடிய ஷூ.

இனி ரசிக்க வேண்டியது: பச்சோந்தி. கட்சி மாறுகிறவர்களைத் திட்ட நாம் அதன் பெயரை எடுத்துக்கொண்டோம், பாவம். அது நிறம் மாறுவது பெரும்பாலும் குளிர், கோபம், துணை தேடல் இவற்றால். இந்தியாவில் ஒரே ஒரு வகைதான்; கிழக்கு ஆப்பிரிக்காவிலோ பல வகைகள். கென்ய மலைப்பகுதியில் மூன்று கொம்பு உள்ளது உண்டு. நம்மூர்ப் பச்சோந்தி மண்ணைத் தோண்டி முட்டையிட, அது குட்டி போடும். பகலில் தேடினால் கண்ணில் படாது. இரவில் டார்ச்சோடு வேலியோரம் மெதுவாக நடந்து கிளை நுனிகளைப் பாருங்கள். தூங்கும் பச்சோந்தி வெளுத்துப்போய், வாலைக் கடிகாரச் சுருள்போல் சுற்றிக்கொண்டு, இலைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். வெளிச்சத்தை உடனே விலக்கிவிடுங்கள். கையில் எடுத்துக்கொண்டு ஜெப வீட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். ‘மனிதருக்குச் சாவில்லை’ என்ற செய்தியைக் கொண்டுவந்த பச்சோந்தி வழியில் தாமதித்ததால்தான் உலகில் சாவு வந்தது என்ற கதை ஆப்பிரிக்க மக்கள் பலரிடம் உண்டு. அதைக் கண்டால் பயப்படுகிறவர்கள் நிறைய. அதே மக்களிடம் நித்திய ஜீவனைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சில்வர் பீச்சில் சிப்பி பொறுக்கிய ஞாபகத்தில் மொம்பாசா கரையில் பவளத்துண்டையும் பெரிய சிப்பிகளையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். பவளமும் ராட்சதச் சிப்பியும், அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ என்ற சர்வதேச ஒப்பந்தத்துக்குள் வருபவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் விமான நிலையத்தில் சிக்கினால் பதில் சொல்ல முடியாது.

இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று: இந்த மூன்று நாடுகளிலும் பிளக் பாயின்ட் பெரும்பாலும் தட்டையான மூன்று முனைக்கானது. நம்மூர் உருண்டை முனை அதில் நுழையாது. அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்.