சலவைக்கடைக்கு ஒரு நன்றி மடல்

வெல்லம்பிட்டியில் வெள்ளம் வந்த அந்த வாரம் என்ன நடந்தது என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சுகம். மற்றதெல்லாம் மெல்ல மெல்லச் சரிவரும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போன எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள், மேல்மாடி மண்டபத்தைத் திறந்துவிட்ட விகாரைத் தேரர், சோற்றுப் பார்சல் அனுப்பிக்கொண்டே இருந்த பள்ளிவாசல்காரர்கள், தன் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு நோனா, வெள்ளவத்தையிலிருந்து உடுப்பும் மருந்தும் அனுப்பிய தங்கச்சி குடும்பம், சேறு வார வந்து பெயர்கூடச் சொல்லாமல் போனவர்கள். எல்லாருக்கும் கை கூப்புகிறேன், நேரிலும் வருவேன். ஆனால் இந்த மடலில் பாதிக்கு மேல் கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு சலவைக்கடைக்குத்தான் போகும். அதற்கு யாரும் கோபிக்கக் கூடாது.

வெள்ளத்தில் நனைந்த துணிக்கு அந்தக் கடையில் பாதிக் காசுதான் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அகப்பட்டதையெல்லாம் ஒரு படுக்கை விரிப்பில் கட்டி அனுப்பினோம். அந்த மூட்டைக்குள் தடித்த அட்டை போட்ட என் சி.ஆர். கொப்பியும் சேர்ந்து போயிருக்கிறது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கொப்பியையும் தெரியும். புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதிய காலத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிய பைத்தியம் அது. எண்களைப் பிடித்துச் சிறிய எண்களின் பெருக்கமாக, அதாவது காரணிகளாக உடைப்பது, உடையாததை முதன்மை எண் என்று குறித்து வைப்பது. வெறும் 1களால் ஆன எண்கள் மேல் எனக்குத் தனி ஆசை. 1111 என்பது 11 × 101. 11111 என்றால் 41 × 271. வெளியில் எல்லாம் ஒரே முகம், உள்ளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். 17 ஒன்றுகளை வரிசையாக எழுதினால் 2071723 × 5363222357 என்று இரண்டே துண்டாகப் போகும். 19 ஒன்றுகள் உடையவே உடையாது.

கைபேசியில் தட்டினால் இதெல்லாம் உடனே வரும் என்று எனக்கும் தெரியும். பிறகு ஏன் கையால் என்று கேட்பார்கள். சீட்டு விளையாடுகிறவரிடம் யாரும் "இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்பதில்லை, என்னிடம் மட்டும் கேட்பார்கள். பெரிய எண்ணை உடைப்பது கஷ்டம் என்ற ஒன்றை நம்பித்தான் 1977இல் கணினித் தகவல்களை மறைத்து அனுப்புகிற ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டையே செய்தார்கள் என்று சொல்லிச் சமாளிப்பேன். அது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டுகளில் இன்று இருக்கும் எண்கள் 600 இலக்கத்துக்கு மேல் நீளமானவை. என் கொப்பிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துணி திரும்பி வந்தபோது மேலே கொப்பி இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பழைய வீரகேசரித் துண்டு வைத்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டுக் காயவைத்திருந்தார்கள். அதற்கே நான் கடமைப்பட்டவன். விரித்துப் பார்த்தால் மைப்பேனையால் எழுதிய பக்கங்களில் கரைந்துபோன இலக்கங்களுக்கு மேல் பென்சிலால் சின்னச் சின்னதாக இலக்கம் போட்டிருந்தது. கடைக்கார அண்ணனின் மகளுடைய வேலை. தரம் 10இல் படிக்கிற பிள்ளை, அதுவரை என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

எப்படி நிரப்பினாள் என்று பாருங்கள். 17 ஒன்றுகளின் வரியில் இரண்டாவது காரணி 5363□22357 என்று நின்றிருக்கிறது. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி 9களைக் கழித்தால் ஒரு மிச்சம் வரும்; காரணிகளின் மிச்சங்களைப் பெருக்கி 9களைக் கழித்தாலும் அதே மிச்சம்தான் வர வேண்டும். 1களைக் கூட்டினால் 17, 9ஐக் கழித்தால் 8. முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 22, 9களைக் கழித்தால் 4. நாலை எதனால் பெருக்கினால், 9களைக் கழித்தபின் 8 மிஞ்சும்? 2. இரண்டாவது காரணியில் தெரிகிற இலக்கங்களின் கூட்டுத்தொகை 36, அதில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆகவே அழிந்தது 2. பத்து இலக்க எண்ணைப் பெருக்காமலே முடித்துவிட்டாள். அவளுடைய தாத்தா கடைப் பில்லைச் சரிபார்க்கிற வழியாம் அது!

எல்லாவற்றையும் நிரப்பியவள் ஒரே ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். 10000000001 = 101 × 3541 × 27□61 என்ற வரி. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம்: "ஐயா, இங்கே 0 வரலாம், 9உம் வரலாம். அதனால் எழுதவில்லை."

அந்தக் காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இலக்கங்களைக் கூட்டும் முறையில் 0ஐயும் 9ஐயும் பிரித்தறிய முடியாது என்பதைத் தானாகக் கண்டு, அதற்கு மேல் ஊகித்து எழுதாமல் நிறுத்தினாளே, அதைத்தான் சொல்கிறேன். பெருக்கிப் பார்த்திருந்தால் 9 என்று தெரிந்திருக்கும். துணி மடிக்கிற இடைவெளியில் அவ்வளவு நேரம் எங்கே? போன் எடுத்து 11ஐ வைத்துச் சரிபார்க்கும் வழியைச் சொன்னேன். வலப்பக்கத்திலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போவது. பாதி சொல்வதற்குள் "அப்ப 9தான் ஐயா" என்றாள்.

1903இல் கோல் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் ஒரு கூட்டத்தில் எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் 193707721ஐயும் 761838257287ஐயும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார், 2இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் வந்தது, சபை எழுந்து கைதட்டியது என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அப்படியொரு சபை வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் யாரோ ஒருவர் வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு பெருக்கலும் சரிதானா என்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமலே இருந்துவிட்டேன். வீடு அப்படிக் கிடந்த நேரத்தில் அது கிடைத்தது. அன்று இரவுதான் ஒழுங்காக நித்திரை கொண்டேன் என்று மனைவி சொல்கிறாள்.

அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். "கொப்பிக்கு எங்களிடம் விலைப்பட்டியல் இல்லை" என்றார். ஆகவே பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரல் விடுமுறையில் 19 ஒன்றுகள் உண்மையிலேயே முதன்மை எண்தானா என்று இருவருமாக நிறுவப் போகிறோம். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால் நூறு கோடியைத் தாண்டிப் போக வேண்டும், அது நடக்காது. லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் காட்டிய குறுக்குவழி இருக்கிறது. ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து வருவதை முழுதாக உடைக்க முடிந்தால், அந்தக் காரணிகளை வைத்தே, கழிக்கும் முன் இருந்த எண் முதன்மை எண்தானா என்று சோதிக்கலாம். இங்கே ஒன்றைக் கழித்தால் 18 ஒன்றுகளின் பத்து மடங்கு. 18 ஒன்றுகளோ 3 × 3 × 7 × 11 × 13 × 19 × 37 × 52579 × 333667 என்று பொடிப்பொடியாக உடைகிறது. பெரிய பெருக்கல்களைக் கணினி செய்யட்டும், படிகளை அவள் எழுதுவாள். புதுக் கொப்பியில், பென்சிலால்.

அப்புறம் ஒரு விஷயம். ஒழுங்கைக்குள் தண்ணீர் இறைக்கக் கொண்டுவந்த நீல மோட்டர் இன்னும் எங்கள் முற்றத்தில் கிடக்கிறது. யாருடையது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெற்றோல் நிரப்பியே தருகிறேன்.