அண்ணன் இமையில் திரும்பி வந்த கட்டி

மதுரை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. காதுகுத்து விசேஷம், கவிதாவுக்கு நிச்சயமானது, வீட்டுக்கு வெள்ளையடித்தது எல்லாம் படித்து மனசு நிறைந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில், "அவருக்குக் கண்ணில் மறுபடியும் கட்டி வந்திருக்கிறது, நாமக்கட்டி உரைத்துப் போடுகிறேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு வேறு எதுவும் மனசில் நிற்கவில்லை. அதனால்தான் அன்றைக்கே போன் செய்து உன்னை அத்தனை கேள்வி கேட்டேன். பக்கத்திலேயே அண்ணன் உட்கார்ந்திருந்ததால் நீயும் ஒன்றுக்குப் பாதி பதில் சொன்னாய், நானும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

நீ சொன்னது இதுதான்: வலது கண், மேல் இமை. வலி கிடையாது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு தடவை கீறி எடுத்தாயிற்று, மூன்றாவது தடவையும் அதே இடத்தில் வந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னபோது, கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் இமைமயிர் இல்லை என்றாய். "அறுபத்தெட்டு வயசாச்சு, முடி கொட்டாதா?" என்று நீயே சமாதானமும் சொல்லிக்கொண்டாய். வயசானால் இமைமயிர் மெலியும், நரைக்கும், சரிதான். ஆனால் ஒரே ஒரு கட்டியின் மேல் மட்டும் கொட்டி, மற்ற இடமெல்லாம் அப்படியே இருப்பது வயசினால் வருவதில்லை. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பகீரென்றது.

முதலில் சாதாரணக் கட்டி எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நாம் கண்கட்டி என்று ஒரே பேரில் சொல்வது இரண்டு விதம். இமைமயிரின் வேரில் கிருமி புகுந்து, சிவந்து, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்குமே, அது ஒன்று. சீழ் கட்டி, உடைந்து, ஒரு வாரத்தில் போய்விடும். இன்னொன்று இமைக்கு உள்ளே இருக்கிற எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு வருவது. மேல் இமையில் 30, 40 சுரப்பிகளும் கீழ் இமையில் 20, 30 சுரப்பிகளும் வரிசையாக இருக்கின்றன. நாம் கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் இவை கொஞ்சம் எண்ணெயை விட்டு, கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றின் வாய் அடைத்துவிட்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கி, பட்டாணி அளவுக்குக் கட்டியாகிவிடும். வலி அவ்வளவாக இருக்காது. சலேசியான் என்று சீட்டில் எழுதுவார்கள். தினம் மூன்று நான்கு வேளை, பத்து நிமிஷம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்து, மெதுவாக இமையைத் தடவிவிட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாவிட்டால் இமையைத் திருப்பி, உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். தையல்கூடத் தேவையில்லை.

நம் ஆச்சி ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்துக் கட்டியின் மேல் வைப்பாளே, அதில் அர்த்தம் இருக்கிறது, அந்தச் சூடுதான் மருந்து. நாமக்கட்டியில் அதுவும் இல்லை. காய்ந்ததும் பொடியாக உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்து கருவிழியைக் கீறும். தயவுசெய்து இன்றைக்கே நிறுத்திவிடு.

இப்போது போனில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அதே எண்ணெய்ச் சுரப்பியில் புற்றும் வரும். பார்க்கச் சலேசியான் மாதிரியே இருக்கும், வலிக்காது, மெதுவாக வளரும். வெள்ளைக்காரர்கள் நாடுகளில் இது அரிது. அங்கே இமையில் வருகிற புற்றில் பெரும்பகுதி வேறு வகை. நம் நாட்டில் அப்படியில்லை, இமைப் புற்று என்று வருகிறவர்களில் இந்தச் சுரப்பிப் புற்று கணிசமாக இருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பி மேல் இமையில் அதிகம் என்பதால் இதுவும் மேல் இமையில்தான் அதிகம் வரும். வயசானவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வருவதும், அந்த இடத்தில் இமைமயிர் உதிர்வதும் இதற்கு முக்கியமான அடையாளங்கள். அது மயிரின் வேரையே தின்றுவிடும்.

நான் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் பெரிய டாக்டர் ஒருவர் இருந்தார். யார் வந்தாலும் மிஷினில் உட்கார வைப்பதற்கு முன்னால், பேனா டார்ச்சை நெற்றியோரமாகச் சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்க இமைமயிர் வரிசையையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்ப்பார். நாங்கள் டார்ச்சை நேராகக் காட்டினால் கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார். நேராக அடித்தால் வரிசையில் விழுந்த இடைவெளி தெரியாது, பக்கவாட்டில் அடித்தால்தான் தெரியும். சின்னாளபட்டியிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். கட்டி என்று ஒன்றுமே இல்லை. ஒரு கண் மட்டும் சிவப்பாகவே இருக்கிறது என்று மாசக்கணக்கில் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டிருந்தவர். டாக்டர் டார்ச் அடித்தார், இமையைத் திருப்பினார், துணுக்கு சதை எடுத்து டெஸ்ட் செய்ய, அதாவது பயாப்சிக்கு, அப்போதே எழுதிவிட்டார். அதே புற்றுதான், கட்டியாகத் திரளாமல் இமையோடு பரவியிருந்தது. இரண்டு கண்ணும் சிவந்தால் பயம் குறைவு, ஒரே கண் மாசக்கணக்கில் சிவந்திருந்தால் விடாதே என்று அன்றைக்கு அவர் சொன்னதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் கேட்க மறந்த கேள்வி ஒன்று. இரண்டு தடவையும் கீறி எடுத்தார்களே, எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினார்களா? ரிப்போர்ட் என்று ஏதாவது கையில் கொடுத்தார்களா? முதல் தடவை, அதுவும் சின்ன வயசுக்காரர்களுக்கு, அனுப்பாமல் விடுவது நடப்பதுதான். ஆனால் வயசானவருக்கு அதே இடத்தில் திரும்பி வந்ததை எடுத்துவிட்டுக் குப்பைக் கூடையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அதை அனுப்பத்தான் வேண்டும். ஃபைலைத் தேடிப் பார். ரிப்போர்ட் இல்லையென்றால் அங்கே போய்க் கேட்டு வாங்கு, அனுப்பவே இல்லை என்றால் அதையும் தெரிந்துகொண்டு வா.

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நான் பயந்துதான் எழுதுகிறேன். ஆனால் இதையும் தெரிந்துகொள். திரும்பத் திரும்ப வருகிற கட்டிகளில் நிறைய வெறும் சலேசியான்தான். இமையோரம் பொடுகு மாதிரி படிந்து அழற்சி இருக்கிறவர்களுக்கு மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். என்ன, அவர்களுக்கு அநேகமாக வேறு வேறு இடத்தில் வரும். எது எப்படி இருந்தாலும் ஒரு துணுக்கு சதையை எடுத்து டெஸ்ட் செய்தால் தெரிந்துவிடும். இமையில் மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், அந்த ஊசி குத்துகிற நேரம்தான் வலி. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒருவேளை அதுவாகவே இருந்தாலும், சின்னதாக இருக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்து, விளிம்பில் மிச்சம் இல்லை என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்வார்கள். இமையில் கால் பங்கு போனாலும் இரண்டு பக்கத்தையும் இழுத்துத் தைத்துவிடலாம், அதற்கு மேல் போனால் பக்கத்துச் சதையைக் கொண்டு புது இமையே கட்டுகிறார்கள். விட்டுவிட்டால்தான் ஆபத்து. காதுக்கு முன்னால் இருக்கிற நெறிக்கட்டிக்கும் கழுத்துக்கும் இறங்கும், அப்போது கண்ணையே எடுக்க வேண்டிய நிலையும் வரலாம். நெறி கட்டியிருக்கிறதா என்று நீ அழுத்திப் பார்த்துக்கொண்டு இருக்காதே. அதை டாக்டர் பார்ப்பார்.

சரி, இங்கத்திய செய்தி. எங்கள் அத்தைக்கும் இமையில்தான் வம்பு. கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று இரண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், எப்போதும் கண்ணில் தண்ணீர். பார்த்தால் இடது கீழ் இமை நாடா தளர்ந்த பாவாடை மாதிரி இளகி, உள்பக்கமாக மடிந்து, மயிரெல்லாம் கருவிழியில் உரசிக்கொண்டிருந்தது. வயசானால் இமையை இழுத்துப் பிடிக்கிற தசையும் நாரும் தளர்ந்து இப்படி ஆகும். ஆபரேஷன் தேதி கிடைக்கும் வரை இமையைக் கீழே இழுத்து, கன்னத்தோடு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தோம். அதிலேயே பாதி நிம்மதி அவருக்கு. போன வாரம் மரத்துப்போக ஊசி போட்டு, இமையை இறுக்கித் தைத்துவிட்டார்கள். எண்பத்து நாலு வயசில் ஆபரேஷனா என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. இப்போது அத்தையே வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், பேசினவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் அந்த மயிரை முள்வாங்கியால் பிடுங்கிவிட்டால் போதுமே என்றார். பிடுங்கினால் ஒரு மாசம், ஒன்றரை மாசம் சுகம். திரும்ப முளைக்கும்போது குட்டையாக, முள் மாதிரி குத்தும். இதை நான் முதலில் பார்த்தது இவருக்கு ராஜஸ்தானில், பிகானேரில் போஸ்டிங் இருந்தபோது. எதிர் வீட்டுப் பாட்டி இடுப்புச் சாவிக்கொத்தோடு ஒரு முள்வாங்கியையும் கோத்து வைத்திருப்பாள். காலை வெயிலில் வாசல்படியில் உட்கார்ந்து தலையை அண்ணாந்துகொள்வாள், பேத்தி ஒவ்வொரு மயிராகப் பிடுங்குவாள். அது வயசினால் வந்ததில்லை, டிரக்கோமா. சின்ன வயசில் ஒரு கிருமி கண்ணில் மறுபடி மறுபடி தொற்றி, மேல் இமையின் உள்பக்கம் தழும்பாகிச் சுருங்கி, மயிரை உள்ளே இழுத்துவிடும். உரசி உரசிக் கருவிழி வெளுத்துப் பார்வை போய்விடும். கைவிரல், முகம் துடைக்கிற துணி, கண்ணில் மொய்க்கிற ஈ, இவற்றால்தான் பரவும். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் பிள்ளைகளின் முகத்தை யார் கழுவிவிடுவார்கள்? அந்தப் பாட்டிக்கு ஒரு கண் ஏற்கெனவே பால் மாதிரி வெளுத்திருந்தது.

1963-இல் அரசாங்கம் இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. இமை திரும்பியவர்களுக்கு ஆபரேஷன், கிருமிக்கு அசித்ரோமைசின், பிள்ளைகளுக்கு முகம் கழுவும் பழக்கம், ஊருக்குத் தண்ணீரும் கழிப்பறையும், இந்த நான்கும் சேர்ந்தால்தான் இது அடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2024 அக்டோபரில், இந்தியாவில் டிரக்கோமா இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது. பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் சாவிக்கொத்துதான் ஞாபகம் வந்தது. அவள் இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் கவிதா விஷயம். கல்யாணத்துக்கு இமைமயிர் நீளமாக வளர ஏதோ சீரம் ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள் என்றாயே, வேண்டாம் என்று சொல். உண்மையிலேயே வளர்க்கிற மருந்து ஒன்று இருக்கிறது, பைமட்டோபிராஸ்ட். கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கிற சொட்டு மருந்து. போட்டுக்கொண்டவர்களுக்கெல்லாம் மயிர் நீண்டு, அடர்ந்து வந்ததைப் பார்த்துத்தான் 2008-இல் அமெரிக்காவில் அதற்கென்றே அனுமதி கொடுத்தார்கள். கண் சிவக்கும், இமைத் தோல் கறுக்கும், சிலருக்குக் கண்ணைச் சுற்றிக் கொழுப்பு வற்றிக் கண் குழிந்துவிடும். மருந்தை நிறுத்தினால் வளர்ந்த மயிரும் சில மாசத்தில் பழையபடி ஆகிவிடும். ஆன்லைன் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முகூர்த்தத்தன்று ஒட்டு இமைமயிர் வைத்துக்கொள்ளட்டும், ராத்திரி மறக்காமல் எடுத்துவிடட்டும், போதும். அவளுக்கு இருக்கிற கண்ணுக்கு அதுவும் தேவையில்லை.

மறுபடி அண்ணனுக்கு வருகிறேன். இதைப் படித்ததும், அவரிடம் சொல்லாமல் மறைத்துக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று உனக்குத் தோன்றும். வேண்டாம், சரோஜா. கண் அவருடையது. எதற்குச் சதை எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடுத்துவிடு. இத்தனை வருஷம் பாங்கில் கணக்குப் பார்த்தவர், ஒரு செய்தியைத் தாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே காரைக்குடியில் பஸ் ஏறிவிடுங்கள், நம் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் இங்கே கண் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டுவிட்டால் கூட்டத்துக்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடலாம், நான் கூட வருகிறேன். இமைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கேயே காட்டிவிடலாம். பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள். அண்ணன் இதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் கொண்டு வா. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை அதில் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

அத்தை உன்னை விசாரித்தார். பஸ் ஏறினதும் போன் பண்ணு, இவர் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவார்.

உன் அன்புள்ள,
தங்கம்