மின்னூல் வாசிப்பானா, டேப்லெட்டா? முதலில் நூலின் வடிவத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தகம் படிப்பதற்கென்று ஒரு கருவி வாங்க நினைப்பவர்கள் கிண்டில் போன்ற மின்னூல் வாசிப்பானை வாங்குவதா, டேப்லெட்டை வாங்குவதா என்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விலை, எடை, பேட்டரி, திரையின் தரம் என்று பலவற்றையும் பொறுமையாக ஒப்பிட்ட அக்கட்டுரை, தமிழ் வாசகருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எழ வேண்டிய ஒரு கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டது. நாம் படிக்க விரும்பும் தமிழ் நூல் எந்த வடிவில் கிடைக்கிறது என்பதே அக்கேள்வி. சென்னையில் கல்லூரி நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். "எதை வாங்கலாம் சார்?" என்று இன்றும் பலர் கேட்டு வருவதால், இதை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

மின்னூல் வாசிப்பானின் சிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் திரைக்குள் கறுப்பும் வெள்ளையுமான மிக நுண்ணிய துகள்கள் எதிரெதிர் மின்னேற்றத்துடன் இருக்கின்றன. மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒரு நிறத் துகள் மேலே வந்து எழுத்தாகிறது. அதன் பிறகு மின்சாரமே இல்லாவிட்டாலும் அப்படியே நிற்கிறது. பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் செலவாவதால்தான் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து 1997-இல் பிறந்த ஈ-இங்க் நிறுவனத்தின் இந்தத் தொழில்நுட்பத்தை 2004-இல் சோனியும், 2007-இல் கிண்டில் என்ற பெயரில் அமேசானும் வாசகர் கைக்குக் கொண்டுவந்தன. அச்சுத்தாளைப் போலவே இத்திரையும் வெளிச்சத்தைப் பிரதிபலித்துத்தான் தெரிகிறது. பறக்கும் ரயிலில் சன்னலோரம் அமர்ந்து, காலை வெயில் நேராகத் திரையில் விழும்போதும் ஒரு வரி விடாமல் படிக்கலாம். அதே இடத்தில் டேப்லெட்டைத் திறந்தால் நம் முகமும் சன்னல் கம்பியும்தான் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை அனுபவித்தவர்களுக்குச் சார்ஜ் தீராத கருவியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

கண் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் வாசிப்பானை வாங்குவோர் பலர். டேப்லெட் திரையின் நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்ற பேச்சுக்குக் கண் மருத்துவர்களிடையே பெரிய ஆதரவு இல்லை. எந்தத் திரையையும் உற்றுப் பார்க்கையில் கண் சிமிட்டுவது குறைகிறது. அதனால் கண் உலர்ந்து எரிகிறது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் உறக்கத்தைப் பற்றிய கவலைக்கு அடிப்படை உண்டு. இரவில் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சு நூல் படித்தவர்களைவிட உறக்கம் வரத் தாமதமானதை 2014 இறுதியில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் 12 பேர்தான். எனினும், படுக்கையில் படிக்கும் வழக்கமுள்ளவர்கள் அதைக் கருத்தில் கொள்ளலாம்.

இவ்வளவு நன்மைகள் இருந்தும், என்னிடம் கேட்பவர்களிடம் வாசிப்பானையே வாங்குங்கள் என்று நான் உடனே சொல்வதில்லை. காரணம், மின்னூல் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவற்றில் முற்றிலும் வேறான இருவகை உண்டு. ஒன்று ஈபப் போன்ற வடிவம். இதில் எழுத்துகள் எழுத்துகளாகவே இருப்பதால், எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்பத் தாமாக மடிந்துகொள்ளும். மற்றொன்று பழைய நூலின் பக்கங்களை ஸ்கேன் செய்து தொகுத்த பிடிஎஃப். இது வெறும் படங்களின் கட்டு. பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகி, வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும்.

இதை அளந்தே பார்த்துவிடலாம். தமிழில் பெரும்பாலான நூல்கள் வரும் டெம்மி அளவுப் பக்கம் ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்டது. 6 அங்குல வாசிப்பான் என்பதில் 6 அங்குலம் என்பது மூலைக்கு மூலை எடுத்த அளவு; உண்மையில் அத்திரையின் உயரம் 5 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அதில் டெம்மிப் பக்கம் முழுவதையும் அடக்கினால் 12 புள்ளி (பாயிண்ட்) அளவுள்ள எழுத்து 7 புள்ளி அளவாகச் சுருங்குகிறது. நாளிதழ்களின் வரி விளம்பரங்களைப் படிக்கவே கண்ணாடியைத் தேடும் வயதில் அதை எப்படிப் படிப்பது? பத்து அங்குல டேப்லெட்டிலோ அதே பக்கம் ஏறத்தாழ அச்சிட்ட அளவிலேயே தெரியும். மேலே பாடல், நடுவே உரை, கீழே பாடபேதக் குறிப்பு (சுவடிக்குச் சுவடி சொற்கள் மாறுவதைக் காட்டும் குறிப்பு) என்று பழைய பதிப்பாசிரியர்கள் வகுத்துவைத்த பக்க அமைப்பு குலையாமல் கண்ணுக்குக் கிடைக்கும். குறிப்புக்கும் பாடலுக்குமாகத் தாவித் தாவிப் படிப்பவருக்கு வாசிப்பானின் மெதுவான திரை பெரும் இடைஞ்சல். அருஞ்சொல் ஒன்றுக்குப் பொருள் பார்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனை இணையத்தில் பக்கத்திலேயே திறந்துவைத்துக்கொள்ளும் வசதியும் டேப்லெட்டில்தான் உண்டு.

தமிழில் இன்று இலவசமாகக் கிடைக்கும் பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதி இந்தப் பட வடிவில்தான் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும், அரிய பழம் பதிப்புகளும், இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்களாகவே கிடைக்கின்றன. அப்பணி மகத்தானது. இராமபாணப் பூச்சிக்கும் சென்னையின் ஈரக்காற்றுக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளை எத்தனையோ பேர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படமெடுத்துக் காத்திருக்கிறார்கள். நூலகப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அந்நூல்களைப் படிக்க ஆசைப்பட்டு ஒருவர் சிறிய வாசிப்பானை வாங்கினால் அவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

எழுத்து வடிவில் நூல்களைத் தரும் முயற்சிகளும் நம்மிடம் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிவருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் 2013 முதல் ஈபப் கோப்புகளை இலவசமாக வெளியிட்டு வருகிறது. அவர்கள் 6 அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்கள் என்பதிலிருந்து தமிழ் வாசகரின் சிக்கலை அவர்கள் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். பழைய வாசிப்பான்களில் 'கொ' என்ற எழுத்து உடைந்து, கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறித் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று நிலைமை வெகுவாக மேம்பட்டிருந்தாலும், எந்தக் கருவியை வாங்குவதானாலும் ஒரு தமிழ் ஈபப் கோப்பை அதில் திறந்து, கொம்பும் காலும் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுப்பது நல்லது.

படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்தான் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். அண்மைக்கால அச்சுக்கு அது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களிலோ ணை, லை, னை போன்றவையும் ணா, றா, னா ஆகியவையும் இன்று நாம் எழுதும் வடிவில் இல்லை. அந்த வளைவுகளில் மென்பொருள் தடுமாறுகிறது. மங்கிய மையும் உடைந்த ஈய எழுத்தும் சேர்ந்துகொண்டால், தமிழறிந்த ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக மெய்ப்புப் பார்க்காமல் நம்பத்தக்க மூலபாடம் கிடைக்காது. அதற்கு ஆளும் காலமும் ஊதியமும் வேண்டும்.

புதிய நூல்களின் நிலையும் முழு மனநிறைவு தருவதாக இல்லை. அமேசான் 2016 இறுதியில் தமிழ் நூல்களைக் கிண்டிலுக்குக் கொண்டுவந்தபின் நாவல், சிறுகதை, கட்டுரை எனப் பலவும் கிடைக்கின்றன. எழுத்தாளர்கள் தாங்களே நேரடியாக வெளியிடவும் வழி பிறந்தது. எனினும், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் சென்னைப் புத்தகக் காட்சியின்போது கண்முன் குவிந்திருக்கும் நூல்களில் ஒன்றைக் கையில் எடுத்து, இதற்கு மின்னூல் உண்டா என்று கேட்டால் பல அரங்குகளில் இல்லை என்பதே பதில். பக்க வடிவமைப்பில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களே பல ஆண்டுகள் கோலோச்சியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் கோப்பைத் திறந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுத்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். அதை யூனிகோடுக்கு மாற்றி மீண்டும் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது சிறு பதிப்பகங்களுக்குச் சுமை என்பதை நான் அறிவேன். ஆனால் யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு 2010-இலேயே ஆணை பிறப்பித்துவிட்டது; இனி வரும் நூல்களையாவது தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் அமைத்தால் ஈபப் உருவாக்குவது பெரிய வேலையன்று.

காசு கொடுத்து வாங்கும் மின்னூல் நமக்கு முழுச் சொந்தமா என்பதையும் வாசகர் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே. விற்ற நூலையே வாசகர்களின் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தபடி நீக்கியது 2009-இல் நடந்தது. வாங்கிய கோப்பைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியையும் அந்நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. படித்து முடித்த புத்தகத்தை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுப்பதும், அவர் அதைத் தம் மருமகளுக்குக் கொடுப்பதும் நம் தெருக்களில் இயல்பாக நடப்பது. கடவுச்சொல்லுக்குள் பூட்டப்பட்ட மின்னூலில் அதற்கு இடமில்லை. போதாததற்கு, அச்சு நூலுக்கு இல்லாத ஜிஎஸ்டி மின்னூலுக்கு உண்டு. அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூல்களுக்கான வரி 2018-இல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது ஆறுதல்தான். அதையும் நீக்குவதே முறை.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. அடுத்த ஆறு மாதத்தில் படிக்க விரும்பும் நூல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த வடிவில் கிடைக்கிறது என்று தேடிப் பாருங்கள். நாவல்களும் அண்மைக்கால உரைநடையும் அதில் மிகுதி என்றால் வாசிப்பானைத் தயங்காமல் வாங்கலாம். அது இருநூறு கிராம் அளவே இருப்பதால் படுத்துக்கொண்டு படித்தாலும் கை வலிக்காது. நடுவே வாட்ஸ்அப் ஒலித்து நம்மை இழுத்துக்கொண்டு போகாது. இதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதானால் இந்த ஒரு காரணமே போதும். திரை எளிதில் கீறல் விட்டுவிடும் என்பதால் கெட்டியான உறை ஒன்றை உடன் வாங்குவது அவசியம். மாறாக, பட்டியலில் பழம் பதிப்புகள், உரைநூல்கள், ஆய்விதழ்கள், பாடநூல்கள் நிறைந்திருந்தால் பத்து அங்குலத்துக்குக் குறையாத டேப்லெட்டே ஏற்றது. அது அரைக்கிலோ எடையிருக்கும். மேசையில் சாய்த்துவைத்துப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

பார்வை குறைந்தவர்களைப் பற்றி ஒரு சொல். எழுத்து வடிவில் உள்ள தமிழ் நூலை இன்றைய டேப்லெட் உரக்கப் படித்துக் காட்டுகிறது. படமாக உள்ள பக்கத்தில் படிப்பதற்கு அதற்கு எதுவுமில்லை. பார்வையற்றோர் அணுகக்கூடிய வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதல் நாடாக ஏற்றது இந்தியா. அதற்கேற்பத் தமிழ் நூல்கள் கிடைக்கின்றனவா என்று கேட்கும் உரிமை பார்வையற்ற தமிழ் மாணவர் ஒவ்வொருவருக்கும் உண்டு.

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்காக எழுத்தாளர்களின் குடும்பத்தாருக்கு மக்கள் வரிப்பணத்திலிருந்து தொகை வழங்கப்பட்டிருக்கிறது. அவற்றை எவரும் வெளியிடலாம். பதிப்புரிமைச் சிக்கல் ஏதுமில்லை. எனவே தமிழ் இணையக் கல்விக்கழகம் அவற்றில் மக்கள் அதிகம் தேடும் நூல்களிலிருந்து தொடங்கி, படக் கோப்புடன் மெய்ப்புப் பார்த்த ஈபப் கோப்பையும் வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் முதுகலை மாணவர்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் பயிற்சியாகவே இதை வழங்கி, உரிய ஊதியமும் தரலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நூல் மதிப்புரைப் பகுதியில் பதிப்பகம், பக்கம், விலை ஆகியவற்றை அச்சிடும் இடத்திலேயே, அந்நூலுக்கு மின்பதிப்பு உண்டா, உண்டென்றால் ஈபப்பா பிடிஎஃப்பா என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
வேளச்சேரி, சென்னை.