பரணிலிருந்து இறங்கிய வாளி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா? போன வாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது என் பின்னால் இருந்த வெள்ளை வாளியைப் பார்த்து, "அது என்னடா, மூடியில் ஏதோ குழாய் சொருகியிருக்கு?" என்று கேட்டாய். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். அப்புறம், "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாய். அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆமாம் அக்கா, ஒன்பது வருடம் கழித்து மறுபடியும் வீட்டில் பீர் போடுகிறேன். இந்தத் தடவை சைடரும் உண்டு.

முதலில் உன் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். காய்ச்சுகிறேன் என்று நான் சொன்னதும் உனக்குச் சாராயம்தான் நினைவுக்கு வந்திருக்கும். இதில் வடிப்பது என்ற பேச்சே இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியில் (இதுதான் மால்ட்) இருந்து இனிப்பான சாறு எடுத்து, அதை ஹாப்ஸ் பூவோடு கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டு நொதிக்க விடுவதுதான் பீர். ஆப்பிள் சாற்றை அப்படியே நொதிக்க விட்டால் சைடர். இங்கே இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டியிருந்தது. 1880ஆம் வருடச் சட்டம் அது. 1963 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சொந்த உபயோகத்துக்குத் தாராளமாகச் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் வடித்து ஸ்பிரிட் எடுப்பது மட்டும் இன்றைக்கும் குற்றம். நான் குடிப்பது வாரக் கடைசியில் ஒரு பாட்டில். மீதி நண்பர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறது. உன்னிடம் நான் பொய் சொன்னதில்லை.

ஏன் நிறுத்தினேன் என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. பாப்பா பிறந்த அதே மாதம் போட்ட பீர் கெட்டுப்போனது. இருபது லிட்டர். பாட்டிலைத் திறந்தால் காயத்துக்குக் கட்டுகிற பிளாஸ்டரின் வாடை, ஆஸ்பத்திரி வாடை. ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு, காலையில் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து தொட்டியில் கொட்டினேன். எதனால் இப்படி ஆனது என்று யோசிக்கக்கூடத் தெம்பு இல்லை. வாளி, குழாய், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒரு வருடம் என்று நினைத்தேன், ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

காரணம் இப்போதுதான் தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் கிருமி போக்குவதற்குக் குளோரின் சேர்க்கிறார்கள் அல்லவா? அதுவும், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்கள் என்ற பொருள்களும் சேர்ந்தால் குளோரோஃபீனால், அந்தப் பிளாஸ்டர் வாடை அதனுடையதுதான். வேதியியல் டீச்சரின் தம்பிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை ஒன்றில் பாதியைப் பொடித்து இருபது லிட்டர் தண்ணீரில் கலந்தால் சில நிமிடங்களில் குளோரின் போய்விடுகிறது. அரை மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், ஒன்பது வருடம் பரணில் கிடந்தது.

போன மே மாதம் வீடு மாறினோம். அப்போதுதான் பெட்டி இறங்கியது. வாளியின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் வழவழப்பு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முடி மாதிரி கீறல்கள். அந்தக் கீறலுக்குள் பாக்டீரியா குடியிருந்தால் எந்தக் கழுவலும் எட்டாது. வாளியைத் தூக்கிப் போட்டேன். ரப்பர் குழாயும் அதோடு போனது. ஹாப்ஸ் பொட்டலம் பச்சை மாறிப் பழுப்பாகி, பழைய பாலாடைக்கட்டி மாதிரி நாறியது. ஈஸ்ட் பொட்டலத்தை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

சாற்றின் அடர்த்தியை, அதாவது அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை, மிதந்து காட்டும் ஹைட்ரோமீட்டர் மட்டும் உடையாமல் இருந்தது. சந்தோஷமாக எடுத்து 20 டிகிரி தண்ணீரில் மிதக்கவிட்டேன். 1.000 காட்ட வேண்டும், 1.006 காட்டியது. உள்ளே சுருட்டி ஒட்டியிருக்கும் அளவுத்தாள் நழுவியிருக்கிறது. முதல் அளவும் கடைசி அளவும் ஒரே மாதிரி தவறினால் வித்தியாசம் மாறாது, ஆல்கஹால் கணக்கு தப்பாது என்று நீ சொல்வாய். சரிதான். ஆனால் தாள் எப்போது நழுவியது? என் நோட்டின் எந்தப் பக்கத்தை நம்புவது? புதிதாக ஒன்று வாங்கினேன். பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நோட்டை மறுபடி படித்ததில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். எண்கள் எல்லாம் அழகாக எழுதியிருக்கிறேன், காரணம் எங்கேயும் எழுதவில்லை. ஒரு பக்கத்தில், "குமிழி நின்றது, பாட்டிலில் அடைத்தேன்." மூன்று வாரம் கழித்து, "இரண்டு பாட்டில் வெடித்தது." மூடியில் சொருகிய குழாய் வழியே வாயு வெளியேறும்போது வரும் குமிழி நின்றதை நம்பியதுதான் தப்பு. மூடி சரியாகப் பதியாவிட்டால் வாயு வேறு வழியில் போகும், உள்ளே நொதித்தல் நடந்துகொண்டே இருக்கும். இப்போது அடர்த்தியை இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அளக்கிறேன். எண் அசையாமல் நின்றால்தான் பாட்டில்.

ஜூனில் முதல் பீர். பழைய மாதிரி இருபது லிட்டர் போடவில்லை, பத்து லிட்டர்தான். விட்ட கையைத் திரும்பப் பழக்கச் சின்ன அளவுதான் நல்லது. கெட்டாலும் மனம் உடையாது. 2.2 கிலோ மால்ட்டை அரைத்து, துணிப்பையில் கட்டி, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டேன். அந்தச் சூட்டில்தான் தானியத்திலேயே இருக்கும் அமிலேஸ் என்சைம்கள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். சில டிகிரி குறைத்தால் பீர் மெலிந்து வறண்டிருக்கும், சில டிகிரி கூட்டினால் இனிப்பும் கனமும் தங்கும்.

இங்கே உனக்குப் பிடித்த ஒரு காரியம் செய்தேன். கால் மணி நேரம் ஆனதும் ஒரு ஸ்பூன் சாற்றை வெள்ளைத் தட்டில் ஊற்றி, ஆறவிட்டு, ஒரு சொட்டு அயோடின் விட்டேன். மை கொட்டியது போல் கறுத்தது. அரை மணியில் விளிம்பு மட்டும் ஊதா. ஐம்பதாவது நிமிடம் விட்ட சொட்டு, பாட்டிலில் இருந்த அதே தேன் நிறத்தில் அப்படியே பரவி நின்றது. மாவுச்சத்து தீர்ந்துவிட்டது! தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். ஒன்பதாம் வகுப்பில் நீ உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் விட்டுக் காட்டியது கண்முன் வந்தது. (சோதித்த சாற்றைக் கொட்டிவிட்டேன், கவலைப்படாதே.)

பிறகு ஒரு மணி நேரக் கொதி. கசப்புக்கு ஹாப்ஸை ஆரம்பத்திலேயே போட வேண்டும். அதில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் கொதித்து உருமாறினால்தான் கசப்பு இறங்கும். வாசனைக்கான ஹாப்ஸைக் கடைசியில் போட்டால் போதும். கொதி முடிந்ததும் சீக்கிரம் ஆற்ற வேண்டும். அதற்குப் பின் அந்தச் சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும். கரண்டி, மூடி, என் கை, ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோல் எல்லாமே. இந்த வேலையில் பாதி நேரம் கழுவுவதுதான், அதை நான் இப்போது விரும்பிச் செய்கிறேன்.

ஈஸ்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பொட்டலம் 11 கிராம்தான். முன்னாலெல்லாம் பீர் ஏன் கெடுகிறது என்று பெரிய ஆலைகளுக்கே தெரியாது. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே செல்லில் இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அதை மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். அதே ஆய்வகத்தில்தான் 1909இல் சோரன்சன், அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச் அளவுகோலைக் கொண்டுவந்தார். நீ வருடா வருடம் கரும்பலகையில் எழுதும் பிஎச், பீர் ஆய்வகத்தில் பிறந்தது அக்கா. இதை உன்னிடம் சொல்ல ஆறு மாதமாகக் காத்திருக்கிறேன்.

அடர்த்தி தொடக்கத்தில் 1.046, பத்து நாளில் 1.010. வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 4.7 சதவீதம். பாட்டிலில் நுரை வருவதற்காக 60 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கலந்து, பழுப்புப் பாட்டில்களில் அடைத்தேன். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றம் வரும், அதற்குத்தான் பழுப்பு. அரை லிட்டர் பாட்டில் பத்தொன்பது தேறியது. இரண்டு வாரம் கழித்து ஒன்றைத் திறந்து, குடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டர் வாடை இல்லை. கொஞ்சம் பிஸ்கட், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் வாசனை. உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சைடர் வேறு மாதிரி. அதில் வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பாட்டி, மரத்தடியில் விழுந்து கிடக்கும் ஆப்பிளைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். ஒன்பது கிலோ பொறுக்கி, கழுவி, அழுகலை வெட்டி, மரக்கட்டையால் இடித்துப் பிழிந்ததில் நாலரை லிட்டர் சாறு. அடர்த்தி 1.048. காட்டு ஈஸ்ட்டை அடக்க மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை ஒன்று. 24 மணி நேரம் கழித்து நம் ஈஸ்ட். நான்காம் நாள் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. பழைய நானாக இருந்தால் கொட்டியிருப்பேன். ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் குறைவு, ஈஸ்ட் பட்டினி கிடந்தால் இப்படி நாறும் என்று இப்போது தெரியும். ஈஸ்ட்டுக்கான ஊட்டம் கொஞ்சம் போட்டேன். ஒரு வாரத்தில் நாற்றம் அடங்கியது.

டிசம்பரில் அடி மண்டியை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, கழுத்து வரை நிரப்பி வைத்திருக்கிறேன். இடைவெளி விட்டால் காற்று புகுந்து வினிகர் ஆகிவிடும். இப்போது குடித்தால் பல் கூசும் புளிப்பு. வெயில் வந்து அறை சூடானால் அதிலிருக்கும் மாலிக் அமிலம் பாக்டீரியாவால் லாக்டிக் அமிலமாக மாறி மென்மையாகலாம், மாறாமலும் இருக்கலாம். மே மாதம் தெரியும்.

ஏன் மறுபடி ஆரம்பித்தாய் என்றுதானே கேட்டாய். இந்த நாட்டில் என் வேலை முழுக்கத் திரையில். ஒருவர் தொடங்கியதை நான் கொஞ்சம் செய்வேன், இன்னொருவர் முடிப்பார். வருடக் கடைசியில் இது நான் செய்தது என்று கையில் எடுத்துக் காட்ட எதுவும் இருக்காது. தானியத்தில் தொடங்கிப் பாட்டில் வரை நானே செய்வது இது ஒன்றுதான். தப்பானால் எங்கே தப்பியது என்று தேடலாம், அடுத்த தடவை திருத்தலாம். அது இல்லாமல் ஒன்பது வருடம் எப்படி இருந்தேன் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

நேற்று சைடரை அளந்தேன். பாப்பா பக்கத்தில் வந்து நின்று, "நான் படிக்கட்டுமா?" என்றாள். மேலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்படி இல்லை, கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக வர வேண்டும், ஓரத்தில் ஏறியிருப்பதைப் பார்க்காமல் நடுவில் தாழ்ந்திருப்பதைப் படி என்றேன். மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "ஒன்று, புள்ளி, பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்" என்றாள். நோட்டில் அவளையே எழுதச் சொன்னேன். யார் உங்களுக்கு இப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் பேச வேண்டும் என்கிறாள். மாலையில் கூப்பிடுகிறோம்.

அன்புடன்,
தம்பி